நகரசபையிலிருந்து நாடாளுமன்றம் வரை
ஆர்.கே. சண்முகம் செட்டியாரின் பொதுவாழ்வு: ஒரு வரலாற்று நோக்கு

ஊராட்சி என்னும் சொல்லுக்குத் தமிழ் நிலத்தில் நீண்ட வரலாறு உண்டு. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றுக்கு உறுப்பினரைக் குடவோலை வழித் தேர்ந்தெடுத்த முறையை விரிவாகக் கூறுகின்றன. அங்கே கூறப்படும் விதிகளுள் ஒன்று தனித்து நோக்கத்தக்கது. வாரியத்தில் முன்னர் இருந்து கணக்குக் காட்டாது போனவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் பெயர் எழுதிக் குடத்தில் இடப்படும் தகுதியை இழப்பர் என்பதே அது. ஊரார் பொருளை ஆண்டவன் ஊரார்க்குக் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவன் என்னும் கருத்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் பொறிக்கப்பட்டுவிட்டது.

இந்தக் கணக்கு ஒப்புவித்தல் என்னும் உரைகல்லில் வைத்து நோக்கத்தக்க ஒரு வாழ்வு கொங்கு நாட்டில் நிகழ்ந்தது. கோவை நகரசபையில் உறுப்பினராகத் தொடங்கி, சென்னை மாகாண மன்றம், தில்லி மத்திய சட்டசபை, அச்சபையின் தலைமைப் பீடம், கொச்சி அரசின் திவான் பதவி என்று உயர்ந்து, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சராக அமர்ந்தவர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். இருமுறை உயர்ந்து இருமுறை வீழ்ந்தவர் அவர். உயர்வுகளைப் பட்டியலிட்டுப் போற்றுவது எளிது. அவரை உணர்வதற்கோ அவ்விரு வீழ்ச்சிகளையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

மூன்று ஊர்கள், மூன்று நகரசபைகள்

சண்முகம் செட்டியார் 1892ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் கோவையில் பிறந்தார். வணிகமும் ஆலைத்தொழிலும் சார்ந்த குடும்பம் அவருடையது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றவர், வழக்கறிஞர் தொழிலைப் பெரிதாக நாடாமல் குடும்பத் தொழிலையும் ஊர்ப் பணியையும் மேற்கொண்டார். 1917இல் கோவை நகரசபை உறுப்பினரானார். பின்னர் அச்சபையின் துணைத்தலைவராகவும் பணியாற்றினார்.

அன்றைய கோவை இன்றைய மாநகரம் அன்று. 1866இல் தோன்றிய அந்நகரசபையின் முன் நின்ற கேள்விகள் இரண்டு: ஒன்று குடிநீர், மற்றொன்று பிளேக் நோய். கிணறுகளையும் குளங்களையும் நம்பி வாழ்ந்த ஊர், கோடை தோறும் தவித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் பிளேக் பலமுறை வந்து குடும்பங்களை அழித்தது. சிறுவாணி நீரைக் கோவைக்குக் கொணரல் வேண்டும் என்ற குரலை, கோவையின் இதழாசிரியரும் நூலாசிரியருமான சே.ப. நரசிம்மலு நாயுடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுப்பியிருந்தார். சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் போன்றோரின் முயற்சியால் அந்நீர் கோவையை அடைந்தது 1931இல்தான். நகரசபை உறுப்பினன் ஒருவன் கேட்டுப் பழகும் குறைகள் பேரரசு பற்றியன அல்ல. தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு, வீட்டுவரி ஆகியவை பற்றியனவே. குறை சொல்பவர் அடுத்த தெருவில் வாழ்பவராக இருப்பார். மறுநாள் காலையில் மீண்டும் வாயிலில் வந்து நிற்பார்.

வரலாற்றின் வியப்பான ஒற்றுமை ஒன்றை இங்கே குறிப்பிடுதல் தகும். சண்முகம் செட்டியார் கோவை நகரசபையில் நுழைந்த அதே 1917இல் சேலம் நகரசபைத் தலைவரானார் இராஜாஜி. அதே காலப்பகுதியில் ஈரோடு நகரசபைத் தலைவராக இருந்தவர் ஈ.வெ. இராமசாமி. மூவர் முன்னும் நின்ற முதற் கேள்வி குழாய்த் தண்ணீரே. ஒரு நாள் பயணத் தொலைவுக்குள் அடங்கும் மூன்று ஊர்களின் நகரசபைகள் ஏறத்தாழ ஒரே வேளையில் மூன்று மனிதரைப் பொதுவாழ்வுக்குப் பயிற்றுவித்தன. அதன் பின் மூவர் வழியும் பிரிந்தன. இராஜாஜி சிறைக்கும் ஆட்சிப் பீடத்துக்கும் மாறி மாறிச் சென்றார். பெரியார் சட்டமன்றங்களின் படியேறாமலேயே சமுதாயத்தை அசைத்தார். சண்முகம் செட்டியார் மட்டும் மன்றம் என்னும் ஒரே பாதையை இறுதிவரை விடாது பற்றி நடந்தார்.

சென்னையும் தில்லியும்

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாணங்களில் இரட்டையாட்சி வந்தது. கல்வி, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம் முதலிய துறைகள் மக்கள் சார்பாளரான அமைச்சரிடமும், நிதி, காவல் முதலியன ஆளுநரின் நிருவாகக் குழுவிடமும் இருந்தன. 1920இல் நடந்த முதல் தேர்தலைக் காங்கிரசு புறக்கணித்தது. நீதிக்கட்சி ஆட்சி அமைத்தது. அத்தேர்தலில் சென்னை மன்றத்துக்கு வந்தவருள் சண்முகம் செட்டியாரும் ஒருவர். சொத்தும் வரியும் அளவுகோலாக இருந்த காலமாதலின், மாகாணம் முழுவதிலும் வாக்குரிமை பெற்றோர் சுமார் பன்னிரண்டரை இலட்சம் பேரே. மக்கள் மன்றம் என்று அதனை அழைத்தாலும் மக்களுள் பெரும்பாலோர் அதன் வாயிலுக்கு வெளியிலேயே நின்றனர் என்பதை மறத்தலாகாது.

சித்தரஞ்சன் தாசும் மோதிலால் நேருவும் 1923இல் சுயராச்சியக் கட்சியைத் தொடங்கி, மன்றங்களுக்கு உள்ளேயே சென்று அந்நிய ஆட்சியை எதிர்ப்பது என்ற கொள்கையை முன்வைத்தனர். சண்முகம் செட்டியார் அக்கட்சியில் இணைந்தார். 1924 முதல் மத்திய சட்டசபை உறுப்பினராகத் தில்லி சென்றார். கட்சியின் கொறடாவாகவும் விளங்கினார். வரவு செலவு, நாணயம், சுங்கவரி ஆகிய பொருள்களில் அவர் சொல்லுக்கு மதிப்பு உயர்ந்தது. காங்கிரசு சட்டமன்றங்களைப் புறக்கணித்த 1930ஆம் ஆண்டிலும் அவர் மன்றப் பாதையை விட்டு விலகவில்லை. நாடு உப்புக் காய்ச்சிச் சிறை சென்ற காலத்தில் சபையில் அமர்ந்திருந்தார் என்ற குறை அன்று முதல் அவரைத் தொடர்ந்தது.

1931இல் சபையின் துணைத்தலைவரானார். 1933இல் இப்ராகிம் ரகிமத்துல்லா தலைமைப் பதவியிலிருந்து விலகவே, சண்முகம் செட்டியார் சபைத் தலைவரானார். இன்று மக்களவைத் தலைவர் பதவி எனப்படும் பதவிக்கு அன்றைய இணை அது. அப்பீடத்தில் அமர்ந்தோரின் வரிசையைச் சற்று நோக்கலாம். முதல் தலைவர் பிரடெரிக் வைட் அரசால் அமர்த்தப்பட்டவர். ஸ்காட்லாந்தின் பெர்த் தொகுதியிலிருந்து பிரித்தானிய நாடாளுமன்றத்தில் இருந்தவர். 1925இல் சபையோரால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியத் தலைவர் விட்டல்பாய் பட்டேல், பம்பாய் மாநகராட்சிக்குத் தலைமை வகித்தவர். ரகிமத்துல்லாவும் அம்மாநகராட்சியின் முன்னாள் தலைவரே. 1946இல் வந்த மாவளங்கர் அகமதாபாத் நகரசபைத் தலைவராக இருந்தவர். இவர்களிடையே கோவை நகரசபையின் துணைத்தலைவரும் இடம்பெறுகிறார். பலதரப்பட்டோர் கூடும் அவையில் பொறுமையோடு அனைவர் சொல்லையும் கேட்டு முறை வழங்கும் பயிற்சியை இவர்களுக்கு அளித்தவை நகரசபைகளே என்று கருத இடமுண்டு.

முதல் வீழ்ச்சி

1932இல் கனடா நாட்டின் ஒட்டாவா நகரில் பேரரசுப் பொருளாதார மாநாடு கூடியது. இந்தியச் சார்பாளருள் சண்முகம் செட்டியாரும் ஒருவர். அங்கு ஏற்பட்ட உடன்படிக்கையின்படி இந்தியா பிரித்தானியப் பொருள்களுக்குப் பொதுவாக 10 விழுக்காடு சுங்கவரிச் சலுகை அளிப்பதென்றும், இந்தியத் தேயிலை, சணல், பதனிட்ட தோல் முதலியவற்றுக்குப் பிரித்தானியச் சந்தையில் சலுகை பெறுவதென்றும் முடிவாயிற்று. உலகப் பொருளாதார மந்தத்தால் விலைகள் சரிந்திருந்த காலம் அது. வால்பாறை மலைத் தேயிலைக்கும் கோவை வட்டாரத் தொழிலுக்கும் வெளிச்சந்தை தேவை என்ற கணக்கு அதில் இருந்தது. ஆயினும் அந்நியத் துணியை எரித்து, கதர் உடுத்திய ஒரு தலைமுறையின் கண்ணுக்கு அது கணக்காகத் தோன்றவில்லை. பேரரசுக்குப் பணிந்ததாகவே தோன்றியது. 1933இல் அவருக்குச் சர் பட்டம் வந்தமை அவ்வெண்ணத்தை வலுப்படுத்தியது.

1934 இறுதியில் நடந்த மத்திய சட்டசபைத் தேர்தலில் காங்கிரசு மீண்டும் களம் இறங்கியது. தென்னிந்திய வணிகர் தொகுதியில் சபைத் தலைவராகிய சண்முகம் செட்டியாரை எதிர்த்து நின்றவர் சாமி வெங்கடாசலம் செட்டியார். வாக்காளர் அனைவரும் வணிகப் பெருமக்கள். ஒட்டாவாவின் ஆதாயம் இன்னதென எண்ணிப் பார்க்கத் தெரிந்தவர்கள். அவர்களே சபைத் தலைவரைத் தோற்கடித்தனர். நாடெங்கும் இத்தோல்வி பேசப்பட்டது. அதே தேர்தலில் கொங்கு நாட்டிலிருந்து காங்கிரசு வேட்பாளராக வென்று தில்லி சென்றவர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார், பிற்காலத்தில் தமிழ்க் கலைக்களஞ்சியத்தைத் தோற்றுவித்த பெருமகன் அவர்.

இத்தோல்வியின் பொருள் என்ன? சண்முகம் செட்டியார் அறிவில் குறைந்தவர் என்று எவரும் கூறவில்லை. அவையை நடத்தும் திறத்தில் குறை காண்பாரும் அரியர். மன்றத்துக்குள் அவர் வளர்ந்த அளவுக்கு மன்றத்துக்கு வெளியே நாட்டின் மனம் மாறிய வேகத்தை அவர் அளக்கவில்லை. கோவை நகரசபையில் நாள்தோறும் வாயிலில் நின்று குறை சொன்ன அண்டை வீட்டார், தில்லிக்கும் ஒட்டாவாவுக்கும் இடையே எங்கோ பார்வையிலிருந்து மறைந்துவிட்டார். கணக்குச் சரியாக இருப்பது மட்டும் போதாது, அதை ஊரார் ஏற்கும்படி ஒப்புவித்தலும் வேண்டும் என்பதே 1934 கற்பித்த பாடம்.

மலைக்கு அப்பால்

தோல்வியுற்றவரைக் கொச்சி அரசு அழைத்தது. 1935 முதல் 1941 வரை அவர் அங்கே திவான். ஆனைமலைத் தொடரின் மறுபுறத்தில் பரம்பிக்குளம் வட்டாரக் காடுகள் அன்று கொச்சி அரசின் ஆட்சியில் இருந்தன. அக்காடுகளின் தேக்கை மலையிலிருந்து சாலக்குடிக்கு இறக்க அவ்வரசு காட்டு இரயில் ஒன்றை நடத்திவந்தது. நம் மலையின் இப்புறத்தில் பிறந்தவர் அப்புறத்தை ஆண்டார் எனலாம். கொச்சித் துறைமுகம் பெருந்துறைமுகமாக ஏற்கப்பட்டது அவர் காலத்தில், 1936இல். எறணாகுளத்தில் காயலை ஒட்டிச் செல்லும் சண்முகம் சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

துறைமுகத்தைவிட நம் பொருளுக்கு நெருங்கியது 1938ஆம் ஆண்டுக் கொச்சி அரசுச் சட்டம். வேளாண்மை, கூட்டுறவு, பொதுச் சுகாதாரம், ஊராட்சி முதலிய துறைகளை மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்குப் பொறுப்பான ஓர் அமைச்சரிடம் ஒப்படைத்தது அச்சட்டம். முதல் அமைச்சராக அம்பாட்டு சிவராம மேனன் பதவி ஏற்றார். மன்னராட்சி நடந்த ஒரு நாட்டில் இது துணிவான அடி. திவான் தம்மிடம் இருந்த அதிகாரத்தின் ஒரு பகுதியைத் தாமே விட்டுக்கொடுத்தார். முழுப் பொறுப்பாட்சி அன்று என்ற குறை அச்சட்டத்துக்கு உண்டு. சென்னையில் 1920இல் தாம் கண்ட இரட்டையாட்சியின் சாயல் அதில் இருந்ததும் உண்மை. ஆயினும் விட்டுக்கொடுத்த துறைகளுள் ஊராட்சியும் பொதுச் சுகாதாரமும் இருந்தமை, அதை வகுத்த காலத்துத் திவான் எங்கிருந்து புறப்பட்டவர் என்பதை நினைவூட்டுகிறது.

நிதியமைச்சர்

இரண்டாம் உலகப் போரின் போது அமெரிக்காவில் இந்திய அரசின் கொள்முதல் குழுவுக்குத் தலைமை வகித்தார். 1944இல் பிரெட்டன்வுட்ஸ் மாநாட்டில் இந்தியக் குழுவின் உறுப்பினராக, சி.டி. தேஷ்முக், ஏ.டி. ஷிராப் முதலியோருடன் கலந்துகொண்டார். பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் உருவான மாநாடு அது. போர்ச் செலவுக்காக இந்தியாவிடம் பிரித்தானியா பட்டிருந்த கடனைப் பற்றிய கேள்வியை இந்தியக் குழு அங்கே எழுப்பியது.

1947 ஆகஸ்டு 15இல் அமைந்த நேரு அமைச்சரவையில் காங்கிரசுக்கு வெளியிலிருந்தும் சிலர் அழைக்கப்பட்டனர். அம்பேத்கர், சியாமபிரசாத் முகர்ஜி ஆகியோருடன் சண்முகம் செட்டியாரும் அவ்வாறு வந்தவர். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் காங்கிரசால் தோற்கடிக்கப்பட்டவரிடமே விடுதலை பெற்ற நாட்டின் கருவூலத் திறவுகோல் ஒப்படைக்கப்பட்டது. அழைத்தவர்க்கும் ஏற்றவர்க்கும் பெருமை தரும் செயல் அது.

1947 நவம்பர் 26ஆம் நாள் முதல் வரவு செலவுத் திட்டத்தை அவர் முன்வைத்தார். ஆகஸ்டு 15 முதல் அடுத்த மார்ச்சு 31 வரை ஏழரை மாதத்துக்கான திட்டம் அது. வருவாய் 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி, பற்றாக்குறை 26.24 கோடி. பாதுகாப்புக்கு மட்டும் 92.74 கோடி, அதாவது செலவில் ஏறத்தாழ 47 விழுக்காடு. பிரிவினையின் புண் ஆறவில்லை. அகதிகள் இலட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்தனர். இவ்வேளையில் அவர் விதித்த புதிய வரி, ஏற்றுமதியாகும் பருத்தித் துணி மீதும் நூல் மீதும் ஆனது. நூற்பாலைகளின் ஊரிலிருந்து, ஆலைத்தொழிற் குடும்பத்திலிருந்து வந்த அமைச்சர், நூலுக்கே வரி விதித்தார். சபைத் தலைவராக அன்று அமர்ந்திருந்தவர் மாவளங்கர். ஒரு காலத்தில் தாம் சபைத் தலைமை வகித்த தில்லியில் இப்போது கணக்கு ஒப்புவிப்பவராக நின்றார் செட்டியார்.

இரண்டாம் வீழ்ச்சி

ஓராண்டுக்குள் சோதனை வந்தது. போர்க்காலத்தில் பெரும் இலாபம் ஈட்டி வரி ஏய்த்தோரை ஆராய வருமானவரி விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. அக்குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்பட்ட பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டமை பற்றிச் சபையில் கேள்வி எழுந்தது. துறையின் பொறுப்பு அமைச்சருடையது. 1948 ஆகஸ்டில் சண்முகம் செட்டியார் பதவி விலகினார். அவ்வேளையில் நாட்டின் தலைமை ஆளுநராக இருந்தவர், 1917இல் சேலம் நகரசபைத் தலைவராக இருந்த அதே இராஜாஜி. நிதித்துறை ஜான் மத்தாயிடம் சென்றது.

இந்நிகழ்ச்சியைச் செட்டியாரின் ஆதரவாளர் பெருந்தன்மை என்பர். மறுப்பாளர் வேறு வழியின்மை என்பர். எவ்வாறாயினும், சபை கேட்ட கேள்விக்குப் பதவியே விடையாக வைக்கப்பட்டது. விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சரின் பதவிக்காலம் ஓர் ஆண்டும் சில நாள்களுமே. அமைச்சரின் பொறுப்பு எத்துணைக் கூர்மையானது என்பதை அந்த ஓராண்டு காட்டியது.

சிலம்பும் பதவியும்

சண்முகம் செட்டியாரின் வாழ்வில் அரசியலோடு இணையாக ஓடிய மற்றோர் ஆறு தமிழ். 1941இல் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூடி, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய காலத்தில், தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் உரிய இடம் வேண்டும் என வாதிட்டவருள் அவரும் முன்னணியில் நின்றார். 1946இல் சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்தைத் தம் உரையுடன் வெளியிட்டார். உலக நிதி மாநாட்டில் அமர்ந்து வந்த இரண்டே ஆண்டுகளில், பூம்புகாரின் மருவூர்ப்பாக்கத்து வணிக வீதிகளுக்கு உரை வரைந்த ஆலை அதிபர் வேறு எவர் உளர்?

அவர் உரை கண்டது புகார்க் காண்டத்துக்கு. நெடுஞ்செழியன் அரியணையிலிருந்து வீழும் காட்சியோ மதுரைக் காண்டத்தில் உள்ளது. கணக்குத் தவறிய தீர்ப்புக்கு மன்னவன் உயிரையே விலையாகக் கொடுத்த கதை அது. உரை வெளிவந்த இரண்டாம் ஆண்டில் உரையாசிரியர் தம் பதவியைத் துறந்தார். இரண்டையும் சமமாக்குதல் மிகை. பாண்டியன் செய்தது உயிர்த்தியாகம். இது பதவித் துறப்பு. ஆயினும் அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் என்ற காப்பியக் கருத்தைப் பயின்ற ஒருவர்க்கு, சபையில் எழுந்த கேள்வி வெறும் கட்சிப் பூசலாகத் தோன்றியிருக்க இயலாது எனக் கருதுவது பொருந்தும்.

மீண்டும் வாக்காளர் முன்

1952இல் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. 1920இல் அவரைத் தேர்ந்தெடுத்தோர் சொத்துடைய சிலர். 1934இல் தோற்கடித்தோர் வணிகர் சிலர். இம்முறையோ உழவரும், ஆலைத் தொழிலாளரும், வாக்களிக்கும் உரிமையை முதன்முறையாகப் பெற்ற எண்ணற்ற பெண்களும் வரிசையில் நின்றனர். நாட்டின் நிதியமைச்சராக இருந்தவர் கட்சித் துணையின்றிச் சுயேச்சையாக நின்று சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதலமைச்சர் இருக்கையில் இராஜாஜி. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அண்டை ஊர் நகரசபைகளில் இருந்த இருவரும் ஒரே மன்றத்தில் எதிரெதிர்த் தகுதியில் அமர்ந்தனர். அடுத்த ஆண்டே, 1953 மே 5ஆம் நாள், அறுபதாம் வயதில் சண்முகம் செட்டியார் மறைந்தார்.

அவர் சென்ற பாதையில் கொங்கு நாட்டினர் பின்னரும் நடந்தனர். பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் 1970களில் அதே நிதித்துறைக்குப் பொறுப்பேற்றார். எனினும் நகரசபை முதல் நாடாளுமன்றம் வரை ஒவ்வொரு படியையும் மிதித்து ஏறி, இருமுறை சறுக்கி, இறுதியில் மீண்டும் தம் மாகாண வாக்காளரிடம் வந்து கைகூப்பி நின்றவர் என்ற தனிச்சிறப்பு சண்முகம் செட்டியாருக்கே உரியது.

உத்திரமேரூர்க் கல்வெட்டின் அளவுகோலைக் கொண்டு இவ்வாழ்வை அளந்தால் விடை தெளிவாகும். 1934இல் ஊரார் கேட்ட கணக்கை அவர் ஒப்புவிக்கத் தவறினார்; தோற்றார். 1948இல் கேட்ட கணக்குக்குப் பதவியைக் கொடுத்தார். 1952இல் அவர் பெயர் மீண்டும் குடத்தில் இடப்பட்டது. குடவோலை அவர் பெயரையே தந்தது.